மாசிப் பனியும் மெழுகுவர்த்தித் திருநாளும்

புதுச்சேரியிலிருந்து பாரிஸ் பக்கம் குடிவரும் நம் ஆட்கள் எல்லாரும் டிசம்பர் குளிருக்குத்தான் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் கவனமாக இருக்க வேண்டிய மாதம் பிப்ரவரி. இதை எனக்குச் சொன்னது வானிலை அறிக்கை இல்லை, இரண்டு ஊர்க் கிழவிகள்.

நான் பிறந்தது பாகூரில். கட்டிக்கொடுத்தது முத்தியால்பேட்டை. மாமனார் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், அதனால் வீட்டுக்காரருக்கு பிரெஞ்சு குடியுரிமை, அப்படியே பாரிஸ் பக்கத்துச் சார்செல் ஊருக்கு வந்து சேர்ந்தோம். பாகூர் ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம் எங்களுடையது. தை பிறந்துவிட்டால் ஆயா வாயில் ஒரே பழமொழிதான்: "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்." அங்கே அந்த மாதங்களில் ராத்திரியில் 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும், இங்கே இருப்பவர்கள் அதைக் கோடை என்பார்கள், ஆனால் ஆயா சொன்னதில் பொய் கிடையாது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறின மண், மழை விட்டதும் மேகமே இல்லாத வானம், கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, இதெல்லாம் சேர்ந்து ராத்திரியில் தரைச்சூடு மேலே போனதும் விடியற்காலை ஓட்டிலிருந்து பனி சொட்டச் சொட்ட விழும். அந்தப் பனியை நம்பித்தான் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அப்புறம் தண்ணீர் கட்டுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும்தான் அந்தப் பயிரைத் தேற்றும். ஆகவே ஆயாவுக்கு அந்தப் பழமொழி எச்சரிக்கை மட்டுமில்லை, விவசாயக் கணக்கும்கூட.

இங்கே எங்கள் எதிர் வீட்டு மதாம் நார்மண்டியில் பண்ணை வீட்டில் வளர்ந்தவர். பிப்ரவரி 2 அன்று கதவைத் தட்டி கிரேப், அதுதான் இந்த ஊர் மெல்லிசு தோசை, கொண்டுவந்து கொடுப்பார். கிறிஸ்துமஸிலிருந்து நாற்பதாவது நாள், கோயிலில் மெழுகுவர்த்தி மந்திரிக்கும் திருநாள், புதுச்சேரிக் கிறிஸ்தவர்களுக்கும் தெரிந்த நாள்தான். ஒரு கையில் காசைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கிரேப்பைத் தூக்கிப்போட்டுத் திருப்பினால் வருஷம் முழுக்கப் பணம் புழங்கும் என்பார்கள். மதாம் சொல்லும் பழமொழி: அந்த நாளில் குளிர் ஒன்று சாகும், இல்லாவிட்டால் வலுக்கும். அதைக் கேட்டதும் எனக்கு ஆயாதான் நினைவுக்கு வந்தாள். மாசியை நம்பாதே என்று இரண்டு பேரும் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் ஊர்க்காரர்கள் இதில் ஏமாறக் காரணம் வெளிச்சம். புதுச்சேரியில் வருஷத்தின் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசமே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். பாரிஸில் பிப்ரவரி ஒரே மாதத்தில் அவ்வளவு நேரம் பகல் நீண்டுவிடுகிறது! ஜன்னலில் வெயில் அடிக்கும், மனசு லேசாகிவிடும், கோட்டைக் கழற்றி மாட்டத் தோன்றும். ஆனால் டிசம்பர் 21 வாக்கில் சூரியன் திரும்பிவிட்டாலும், மண்ணும் கடலும் சூடேற இன்னும் பல வாரம் ஆகும். 1956-ஐப் பற்றி மதாம் இன்னமும் பேசுவார். அந்த ஜனவரி இதமாக இருந்ததால் தெற்கே ஒலிவ மரங்களில் சாறு ஏறத் தொடங்கிவிட்டது, பிப்ரவரி பிறந்ததும் திடீரென்று கடுங்குளிர் இறங்கி ப்ரோவான்ஸ் பக்கம் தோப்பு தோப்பாக மரங்கள் பட்டுப்போயின.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். டிசம்பர் 13 புனித லூசியா நாளிலிருந்து பகல் தெள்ளுப்பூச்சி தாவும் அளவு நீளும் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. 1582-இல் நாட்காட்டியில் பத்து நாளை எடுப்பதற்கு முன்னால் அந்த நாள் சூரியன் திரும்பும் நாளை ஒட்டி வந்தது, இப்போது தேதி விலகிவிட்டது, பேச்சு நிற்கிறது. நம் தை முதல் தேதியும் அப்படித்தான். உத்தராயணம் அன்றுதான் என்று நாம் கும்பிடுகிறோம், சூரியனோ மூன்று வாரத்துக்கு முன்பே திரும்பியாகிவிட்டது. சரி, அதனால் பொங்கலைத் தள்ளி வைப்போமா என்ன? பெரியவர்கள் பார்த்துச் சொன்ன கணக்கு அது, அதை நான் குறைவாக நினைக்கவே மாட்டேன்.

புதிதாக வருபவர்களுக்கு: "ஏப்ரலில் ஒரு நூலைக்கூடக் கழற்றாதே" என்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வாக்கு, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது அப்படியே கேளுங்கள். பால்கனியில் மிளகாய், தக்காளி வைக்கிற ஆசை இருந்தால் விதையை மார்ச்சில் வீட்டுக்குள் சமையலறை ஜன்னலோரம் போடுங்கள். மே 11, 12, 13 மூன்றும் பனிப் புனிதர்களின் நாள், கடைசிக் கடும்பனி விழும் நாள் என்று இங்கே சொல்வார்கள், அது தாண்டாமல் மதாம் ஒரு நாற்றையும் வெளியே வைக்கமாட்டார். நானும் அப்படித்தான். கறிவேப்பிலையை மட்டும் ஜூன் வரைக்கும் உள்ளேயே வைத்திருங்கள்.