டண்டியின் அடுத்த வழக்கு

பழைய மாணவர் நினைவுகள் என்றால் விடுதிச் சாப்பாட்டையும் கிரிக்கெட் கதைகளையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எங்கள் அரசறிவியல் சேரைப் பற்றி எழுதுகிறேன். விவாத மன்றத்தில் யாராவது ஒரு பெரிய மனிதரைத் தூக்கிவைத்துப் பேசினால், "சரி, அடுத்த வழக்கில அந்த ஆள் என்ன செய்தவர்?" என்று மறிப்பார். பாதிப் பேச்சுகள் அங்கேயே படுத்துவிடும்.

நெப்ராஸ்காவின் ஒமாஹாவுக்கு வேலைக்கு வந்தபின், அந்தக் கேள்விக்கென்றே பிறந்தவர்போல ஒருவர் அகப்பட்டார்: எல்மர் டண்டி. நெப்ராஸ்கா மாநிலமாவதற்கு முன்பே, 1863 இல், அங்கே நீதிபதியானவர். 1868 இல் ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் அவரைச் சமஷ்டி மாவட்ட நீதிபதியாக்கினார். 1896 இல் இறக்கும்வரை அதே ஆசனம்தான்.

1877 இல் பொன்கா என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களை நெப்ராஸ்காவின் நயோபிராரா ஆற்றங்கரையிலிருந்து அரசாங்கம் தெற்கே, இன்றைய ஒக்லஹோமாவுக்குத் துரத்தியது. அங்கே நோயில் பலர் செத்தார்கள். தலைவர் ஸ்டாண்டிங் பேரின் மகனும் போனான். பிள்ளையைச் சொந்த மண்ணில் புதைக்க, உடலின் மிச்சத்தைச் சுமந்துகொண்டு 1879 ஜனவரிக் குளிரில் சுமார் 30 பேருடன் தகப்பன் வடக்கே புறப்பட்டார். ஜெனரல் குருக்கின் படை அவர்களைப் பிடித்து ஒமாஹா கோட்டையில் வைத்தது. ஜோன் வெப்ஸ்டர், அன்ட்ரூ பொப்பில்டன் என்ற இரு வழக்கறிஞர்கள் காசு வாங்காமல் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். அது என்ன மனு என்று எங்கள் ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தியர் (அமெரிக்கப் பூர்வகுடிகளை அப்போது அப்படித்தான் சொன்னார்கள்) சட்டப்படி 'ஆள்' இல்லை, மனுப் போடவே உரிமையில்லை என்றது அரசுத் தரப்பு. டண்டி அகராதியைப் புரட்டினார். ஆண், பெண், பிள்ளை எல்லோரும் ஆள்தான் என்று அதில் இருந்ததை அப்படியே தீர்ப்பில் போட்டார். பதினைந்து வருடத்தில் இவ்வளவு இரக்கம் தூண்டிய வழக்கு தன்னிடம் வந்ததில்லை, ஆனால் சட்டத்தை வைத்துத்தான் முடிவு என்றும் எழுதினார். மே 12 அன்று விடுதலை. மகனை நயோபிராராக் கரையில் புதைத்தார்கள்.

சேரின் கேள்விக்கு வருவோம். ஜோன் எல்க் என்ற பூர்வகுடி மனிதர் தன் குலத்தை விட்டு வந்து ஒமாஹா நகரிலே வாழ்ந்தவர். 1880 இல் வாக்காளராகப் பதியப் போனார், மறுத்துவிட்டார்கள். அதே வெப்ஸ்டரும் பொப்பில்டனும் வழக்குப் போட்டார்கள். கேட்ட இரு நீதிபதிகளில் ஒருவர் டண்டி. தோல்வி! 1884 இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இந்தியர் அனைவருக்கும் குடியுரிமை வர 1924 ஆகிவிட்டது.

டண்டி மாறிவிட்டார் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆட்கொணர்வு மனுவுக்கு ஆளாக இருந்தால் போதும், வாக்குக்குக் குடிமகனாக இருக்கவேண்டும். முதல் தீர்ப்பு குடியுரிமையைக் கொடுக்கவே இல்லை. அதைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தை மெல்லத் தாண்டிப் போவதுதான் எனக்கு எரிச்சல். சேர் விட்டிருக்கமாட்டார்.

குருக்கின் செங்கல் வீடு இப்போது அருங்காட்சியகம். ஒமாஹாப் பக்கம் வரும் பழைய மாணவர் சங்கத்தினர் முன்கூட்டியே சொல்லுங்கள், கூட்டிப்போகிறேன். ஜனவரியில் மட்டும் வேண்டாம்.