பாவட்டையில் தொடங்கிய காட்டுக் காப்பி

மலைத்தோட்டத்து நிழலும் ஈரமும் கேட்காமல், வறண்ட குறுங்காட்டில் தானாக வளரும் காப்பி இனம் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது என்று அறிந்த நாளிலிருந்து அதைத் தொட்டியில் வளர்த்துப் பார்க்கும் ஆசை எனக்கு இருந்தது. காஃபியா வைட்டியானா என்னும் இச்சிறு புதர் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. சென்னை மாகாணத்துத் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட்டின் பெயரே இதற்கு இடப்பட்டுள்ளது. சைலாந்தஸ் என்ற தனிப் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த இது, 2011இல் அப்பேரினம் காஃபியாவுடன் இணைக்கப்பட்டபோது மீண்டும் காப்பியாயிற்று. விதையில் கஃபீன் அநேகமாக இல்லாததால், காலையில் குடிக்கலாம் என்று யாரும் இதை வளர்க்கப் போவதில்லை.

முதல் ஆண்டு முயற்சி முழுவதும் வீண். நண்பரின் பட்டா நிலத்திலிருந்து நான் ஆசையாகப் பறித்து வந்து முளைக்க வைத்தவை பாவட்டைப் பழங்கள். பாவட்டையும் காப்பியும் நுணா, இட்லிப்பூ ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவை. எதிரெதிர் இலைகள், காம்புகளுக்கு இடையே முக்கோணச் செதில், கறுத்துப் பழுக்கும் சிறு காய் என்று எல்லாம் ஒத்திருந்தன. நாற்று வளர்ந்த பிறகு ஓர் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோதுதான், பாக்டீரியா குடியிருக்கும் கரும்புள்ளிகள் இலைப்பரப்பெங்கும் தெரிந்தன. காப்பி இலையில் அவை இருக்காது. பாவட்டை கிளை நுனியில் கொத்தாகக் காய்க்கும். காப்பி இலைக்கக்கத்தில் காய்க்கும். விதையின் தட்டையான பக்கத்தில் நீளவாட்டில் ஓடும் பள்ளத்தைத் தேடியிருந்தாலே எட்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

அடுத்த ஆண்டு மார்கழியில் சரியான செடியிலிருந்து 31 பழங்கள் கிடைத்தன. தோல் நீக்கி, தண்ணீரில் மிதந்தவற்றைக் கழித்து, மிஞ்சிய 48 விதைகளைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தினேன். காப்பி விதையை நெல்லைப் போல் காயவைத்துப் பத்திரப்படுத்த முடியாது, முளைப்புத்திறன் விரைவில் போய்விடும் என்பதால் ஐந்தாம் நாளே மணல் தட்டில், தட்டைப் பக்கம் கீழே இருக்குமாறு, ஓர் அங்குல இடைவெளியில் விதைத்து வைக்கோல் மூடினேன். 52ஆம் நாள், கொக்கி போல் வளைந்த முதல் முளை தெரிந்தது. பிறகு அது நிமிர்ந்து, விதையைத் தலையில் சுமந்து, தீக்குச்சி போல் நின்றது. மொத்தம் 19 முளைத்தன.

இங்கேதான் அடுத்த தவறு செய்தேன். காப்பி நாற்றங்கால்களில் காட்டு மண் 6 பங்கு, தொழுவுரம் 2 பங்கு, மணல் 1 பங்கு என்று கலப்பது வழக்கம். பத்து நாற்றுகளை அந்தக் கலவையிலும், ஒன்பதை வெறும் செம்மண்ணும் மணலும் சரிபாதியாகக் கலந்த பைகளிலும் நட்டேன். உரமிட்டவை முதல் மூன்று மாதம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வளர்ந்தன. ஐப்பசி மழையில் அவற்றில் ஏழு, மண்மட்டத்தில் தண்டு அழுகிச் சாய்ந்தன. செம்மண்ணில் இருந்தவற்றில் இறந்தது ஒன்றுதான். பெயரில் காப்பி இருந்தாலும் இதை வறண்ட குறுங்காட்டுக் காரைச் செடிக்குப் பக்கத்து வீட்டுக்காரனாக நினைத்து வளர்ப்பதே சரி என்று இப்போது படுகிறது.

சித்திரையில் எல்லாச் செடிகளும் இலைகளை உதிர்த்துவிட்டன. செத்துவிட்டதென்று ஒன்றைப் பிடுங்கியும் எறிந்தேன். அடுத்ததன் பட்டையை நகத்தால் கீறியபோது உள்ளே பச்சை தெரிந்தது. கோடை மழை இரண்டு பெய்ததும் வெளிறிய குச்சிகளில் துளிர் வந்தது. எறிந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மூன்றாம் கோடையில், மழைக்குப் பிறகு, ஒரு செடி மட்டும் பூத்தது. பதினொரு வெள்ளைப் பூக்கள். தோட்டங்களில் வளர்க்கும் அராபிகா காப்பியின் பூவில் மகரந்தப் பைகளும் சூல்தண்டின் கவையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதில் குழல் வாய்க்குள் எட்டிப் பார்த்தால்தான் அவை தெரிகின்றன. இந்த அமைப்பால் பூ தன் மகரந்தத்தையே ஏற்க முடியும் என்பார்கள். இன்னொரு தோட்டக் காப்பியான ரொபஸ்டாவாக இருந்தால் வேறு செடியின் மகரந்தம் இல்லாமல் காய் பிடித்திருக்காது. என்னிடம் வேறு பூத்த செடி இல்லாதபோதும் நான்கு காய்கள் நின்றிருக்கின்றன. மிளகைவிடச் சற்றே பெரிய, நடுவில் லேசாகப் பிளவுபட்ட பச்சைக் காய்கள். மைனாக்கள் கண்டுகொள்ளாதிருக்கக் கொசுவலைத் துணி கட்டியிருக்கிறேன்.