தம்பியின் ஸ்கேனில் பதில் வராதபோது

விபத்தில் தம்பிக்குத் தலையில் அடிபட்டு ஏழாவது வாரம். கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் திரும்பவில்லை. நினைவு திரும்புமா என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தபோதுதான் நரம்பியல் மருத்துவர், மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார். எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும் என்று நம்பினேன். அப்படி நம்பியிருக்கக் கூடாது. இதே நிலையில் காத்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஸ்கேன் காந்தத்துக்கு உலோகம் ஆகாது என்பதால், மூச்சுக்காகத் தொண்டையில் வைத்திருந்த உலோகக் குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். மயக்க மருந்து கூடவே கூடாது என்பதில் மருத்துவர் கறாராக இருந்தார். மூளை மந்தமாகிவிட்டால் அந்தப் படத்துக்கு அர்த்தமே இல்லை. ஆனால் மயக்கம் இல்லையென்றால் உடம்பு அசையும், படம் கெடும். முதல் நாள் இருமல் வந்து பாதியில் நிறுத்தினார்கள். மறுநாள் சளியை உறிஞ்சி எடுத்து, தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சு அணைகொடுத்து மறுபடி எடுத்தார்கள்.

காதில் ஹெட்போன். "டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்" என்று அரை நிமிடம், "சும்மா இரு" என்று அரை நிமிடம், மாறி மாறி. நினைவே இல்லை என்று கருதப்பட்ட 23 வயதுப் பெண்ணிடம் நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர் இப்படிச் சொன்னபோது, நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு வருவது போலவே அவர் மூளையில் அசைவுக்கான பகுதி இயங்கியது. 2006-ல் வெளிவந்த ஆய்வு அது.

தம்பிக்கு எதுவும் வரவில்லை. ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

"பதில் வந்தால் நினைவு இருக்கிறது என்று சொல்லலாம். வரவில்லை என்பதால் இல்லை என்று சொல்ல முடியாதும்மா," என்றார் மருத்துவர். ஆரோக்கியமானவர்களிலேயே சிலருக்கு வராதாம்; தம்பி அந்த நேரம் தூங்கியிருக்கலாம், சொன்னது புரியாமலும் இருந்திருக்கலாம். அப்புறம் சாதாரண எம்ஆர்ஐ படத்தைத் திரையில் போட்டார். மூளைத்தண்டில் இரண்டு பக்கமும் சேதம் இருந்தால் மோசமான அறிகுறி. தம்பிக்கு அங்கே காயம் இல்லை. சும்மா படுத்திருக்கும்போதும் மூளையில் இயக்கம் ஒன்றாக ஏறி இறங்க வேண்டிய பகுதிகளுக்கிடையே தொடர்பு குறைந்திருந்தது, அற்றுப்போகவில்லை.

2019-ல் வந்த ஒரு ஆய்வையும் சொன்னார். மூளை பாதிக்கப்பட்டு, சொன்னதைச் செய்யாத 104 பேரில் 16 பேரின் மூளை கட்டளைக்கு இயங்கியது, மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜியில் தெரிந்தது. ஓராண்டில் அவர்களில் 44 விழுக்காட்டினர் பகலில் எட்டு மணி நேரமாவது தனியே சமாளிக்கும் அளவுக்குத் தேறினார்கள். மற்றவர்களில் 14 விழுக்காடு. எனக்கு அந்த 14தான் காதில் நின்றது. பதில் வராதவர்களிலும் தேறியவர்கள் இருக்கிறார்கள்!

கண், காது, கை அசைவு என்று நினைவைப் பார்க்க மருத்துவர்கள் படுக்கையருகே செய்யும் சோதனையை ஒரே தடவையோடு விடாதீர்கள். இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது செய்யச் சொல்லிக் கேளுங்கள். நினைவு நிலை மணிக்கு மணி மாறும். தம்பிக்கு நான்காவது முறை, துடைத்து உட்காரவைத்த பிறகு, முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்து மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினார்கள். கண் கூடவே போனது. வலப்பக்கமும் போனது. மேலே போகவில்லை. அன்று ரிப்போர்ட்டில் 'குறைந்தபட்ச நினைவு நிலை', அதாவது கொஞ்சமாவது நினைவு இருக்கிறது, என்று மாற்றி எழுதினார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கப் போகிறார்கள். அதுவரை தினமும் காலையில் கண்ணாடியை நான் பிடிக்கிறேன்.