நோட்டுக் கடையும் வருகைக் கணக்கும்: நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

நோட்டுப் புத்தகங்களைக் கையால் பைண்டிங் செய்து விற்கிறோம், நானும் அக்காவும். தளம் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. தளத்துக்கு யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று கணக்கு வைக்கும் கூகுள் அனலிட்டிக்ஸை அன்றே இணைத்துவிட்டேன். அதற்கப்புறம் திறந்து பார்த்தது மூன்று தடவை இருந்தால் அதிகம். "விளம்பரத்துக்குக் காசு போய்க்கொண்டே இருக்கு, யார்தான் வர்றாங்கன்னு பாருடா" என்று அக்கா இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று உட்கார்ந்தேன்.

போன மாதம் 640 வருகைகள். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஊர்வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வரை. எங்கள் ஊர் முதலிடம்! உள்ளூர்க்காரர் யாரும் இதுவரை தளத்தில் வாங்கியதே இல்லை. படம் சரியாக வந்திருக்கிறதா என்று பத்துத் தடவை திறக்கிற அக்காவும், இருப்பு பார்க்கிற நானும்தான் அந்தக் கூட்டம்.

பட்டறையின் ஐபி முகவரியை (இணைய இணைப்பின் அடையாள எண்) சொந்த வருகை என்று குறித்து வடிகட்டி போட்டேன். அது முதலில் சோதனை நிலையில்தான் கிடக்கும். நாமே போய் ஆக்டிவ் ஆக்க வேண்டும். ஏற்கெனவே சேர்ந்த குப்பை போகாது, இனி வருவதைத்தான் தடுக்கும். மொபைல் டேட்டாவில் ஐபி மாறிக்கொண்டே இருப்பதால் அங்கே பிடிபடாது. "வைஃபையில் மட்டும் பார்" என்றேன். "என் கடையைப் பார்க்க உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?" என்றாள்.

மார்ச் 4, செவ்வாய்

ஒரே ஒரு விஷயம். அனலிட்டிக்ஸின் எக்ஸ்ப்ளோர் பகுதியில் போன வருடத்தோடு ஒப்பிடலாம் என்று போனால், இரண்டு மாதத்துக்கு மேல் எதுவும் இல்லை. தரவு வைத்திருக்கும் காலம் இயல்பாக 2 மாதம். 14 ஆக மாற்றும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. முதல் நாளே மாற்றியிருக்க வேண்டும். போனது போனதுதான்.

மார்ச் 9, ஞாயிறு

வருகையில் பாதிக்கு மேல் 'டைரக்ட்'. ஆளாளுக்கு எங்கள் முகவரியை மனப்பாடமாகத் தட்டச்சு செய்து வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம், ஆசைதான். உண்மையில், எங்கிருந்து வந்தார் என்ற தடயம் இல்லாத வருகையெல்லாம் இந்தக் கூடையில்தான் விழுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பு, பார்சலுக்குள் வைக்கும் சீட்டில் உள்ள கியூஆர் கோடு, பிடிஎஃப் விலைப்பட்டியல் எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான் வந்து சேர்கின்றன.

இதற்கு மருந்து யூடிஎம் குறிச்சொற்கள்: எங்கிருந்து வந்த வருகை என்று காட்ட இணைப்பின் வாலில் ஒட்டும் சொற்கள். கூகுள் 2005இல் அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கித்தான் அனலிட்டிக்ஸைத் தொடங்கியது. யூடிஎம்மில் இருக்கும் 'யூ' அந்த அர்ச்சின்தான். பெயர் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சீட்டுக்கு ஒன்று, வாட்ஸ்அப்புக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என்று தனித்தனி இணைப்பு செய்தேன். அக்காவும் இரண்டு செய்தாள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால் அதற்கு வேறு ஆள். இப்போது அறிக்கையில் வாட்ஸ்அப் மூன்று வரியாக நிற்கிறது. இனி எல்லாம் சிறிய எழுத்து என்று சுவரில் ஒட்டிவிட்டேன்.

மார்ச் 15, சனி

எங்களுக்கு அதிக விற்பனை கொண்டுவந்த தளம் எது என்று பார்த்தால், நாங்கள் பணம் வாங்கப் பயன்படுத்தும் தளம்! வாங்குபவர் பணம் கட்ட அங்கே போய்த் திரும்புகிறார். அங்கிருந்து வந்தவர் என்று கணக்காகிவிடுகிறது. அனலிட்டிக்ஸின் தேவையற்ற பரிந்துரைகள் பட்டியலில் அதைச் சேர்த்தேன், இனி அப்படிக் கணக்காகாது. ஐந்து நிமிட வேலை.

மார்ச் 22, சனி

இன்றைக்குத்தான் உருப்படியாக ஒன்று கிடைத்தது, அதுவும் அனலிட்டிக்ஸில் இல்லை, சர்ச் கன்சோலில். கூகுளில் என்ன தேடியபோது நம் பக்கம் தென்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று 16 மாதத்துக்கு அங்கே இருக்கிறது. அரிதான தேடல்களை மட்டும் மறைத்துவிடுவார்கள்.

எங்கள் கடைப் பெயரை விட்டுவிட்டு மீதியைத் தோன்றிய எண்ணிக்கைப்படி அடுக்கினேன். 'மை ஊறாத நோட்டு'. 'பின்பக்கம் தெரியாத தாள்'. 'ஃபவுண்டன் பேனாவுக்கு எந்த நோட்டு'. இப்படி ஒன்பது விதம். எல்லாவற்றிலும் நாங்கள் பதினைந்தாவது, இருபதாவது இடத்தில் தலைகாட்டியிருக்கிறோம். சொடுக்கியவர் ஒருவரும் இல்லை.

முதல் பக்கத்தில் நாங்கள் எழுதியிருப்பது: 'கைவினையின் நேர்த்தி, காலத்தை வெல்லும் தரம்.' நான்தான் எழுதினேன், பெருமையாகக்கூட இருந்தது. உலகத்தில் ஒருத்தரும் அதைத் தேடவில்லை. மை ஊறாத தாளில்தான் நாங்கள் நோட்டே தைக்கிறோம், ஆனால் தளத்தில் 'மை' என்ற சொல் ஒரே இடத்தில், அதுவும் 'பெருமை'யில்.

மார்ச் 25, செவ்வாய்

பட்டறை மேஜையில் மூன்று தாள்: கடையில் கிடைக்கும் சாதாரண நோட்டுத் தாள், கனமான 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) தாள், எங்களுடைய 90 ஜிஎஸ்எம். அக்கா பட்டை நிப்பு பேனாவில் ஊதா மை நிரப்பி மூன்றிலும் ஒரே வரியை எழுதினாள். காய்ந்ததும் திருப்பினோம். முதல் தாளில் எழுத்தின் ஓரமெல்லாம் வேர்விட்டது போல மை ஓடியிருந்தது. பின்பக்கம் புள்ளி புள்ளியாக ஊதா. 100 ஜிஎஸ்எம்மிலும் புள்ளிகள். எங்கள் தாளில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மட்டும் ஒரு நிழல். கனம் மட்டும் போதாது. தாள் செய்யும்போது சேர்க்கும் சைசிங் பசைதான் மையைத் தடுக்கிறது.

மூன்று தாள்களின் முதுகையும் வரிசையாகப் படமெடுத்தோம். அதுதான் புதிய பக்கம். அழகான முன்பக்கப் படம் ஒன்று வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். ஒன்று போட்டேன், கீழே.

ஏப்ரல் 3, வியாழன்

போனில் பார்ப்பவர்கள் முதல் பக்கத்திலேயே திரும்பிப் போகிறார்கள். பக்கம் திறக்கும் வேகத்தை அளக்கும் பேஜ்ஸ்பீடில் சோதித்தால் முக்கியப் படம் தெரிய 6 நொடிக்கு மேல், 2.5க்குள் இருந்தால்தான் நல்லது என்பது கூகுளின் அளவு. கேமராவிலிருந்து எடுத்தபடியே ஏற்றிய படம்தான் காரணம். சுருக்கியதும் 2.3.

ஏப்ரல் 19, சனி

குறிச்சொல் போட்டு ஆறு வாரம் ஆகிறது. சமூக வலைதள விளம்பரத்திலிருந்து 410 வருகை. கூகுளின் கணக்கில் 'ஈடுபாடு' உள்ளவை அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. பத்து நொடிக்கு மேல் இருந்தாலே, இரண்டு பக்கம் பார்த்தாலே போதும், அதற்கே இந்தக் கதி. வாங்கியவர் யாரும் இல்லை. பார்சல் சீட்டின் கியூஆர் வழியாக 31 வருகை, நான்கு ஆர்டர். ஏற்கெனவே வாங்கியவர்கள், திரும்ப வருகிறார்கள்.

விளம்பரத்தை நிறுத்தலாம் என்றேன். "முகமாவது தெரியுமேடா" என்றாள் அக்கா. அதை இந்தக் கணக்கு சொல்லாது, ஒப்புக்கொள்கிறேன். பாதியாகக் குறைத்தோம். மிச்சத்தில் சீட்டை நல்ல அட்டையில் அச்சடிக்கப் போகிறோம், மை சோதனைக்கென்று ஒரு சிறு தாளும் கூடவே.

மே 4, ஞாயிறு

மார்ச்சில் 5 ஆர்டர், ஏப்ரலில் 8. "அறுபது சதவீதம் ஏறியிருக்கு!" என்று அக்கா கால்குலேட்டரைக் காட்டினாள். மூன்று பேர், அக்கா. அடுத்த மாதம் மூன்று பேர் மனம் மாறினால் அதே சதவீதக் கணக்கு நம்மைப் பயமுறுத்தும். இத்தனை சிறிய எண்ணுக்கு மாதக் கணக்கு சரிப்படாது, ஆறு மாதம் போகட்டும். ஆனால் மை பக்கம் சில தேடல்களில் ஏழாவது இடத்துக்கு வந்திருக்கிறது, சொடுக்குகளும் வருகின்றன. அதை நம்புகிறேன்.

இரவு பத்தே முக்கால். நேரலை அறிக்கையில் ஒரே ஒருவர், மை பக்கத்தில்.

"நீயா?" என்று அக்காவைக் கேட்டேன்.

"என் போன் சார்ஜில கிடக்கு."