எங்கே நிறுத்தலாம்: பலவகை கேம்களை விளையாடிப் பார்த்த அனுபவம்

வீரவநல்லூரில் எங்கள் வீட்டு மாடியறையில் இருப்பது ஒரு பழைய டெஸ்க்டாப், யூபிஎஸ் கிடையாது. ஐப்பசி பிறந்து இடிமழை ஆரம்பித்துவிட்டால் சாயங்காலம் கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப் போகும்போது அதுவரை விளையாடியதில் எவ்வளவு மிஞ்சும் என்பது அந்த கேமை உருவாக்கியவர்கள் என்றைக்கோ எடுத்து வைத்த முடிவு. சண்டை, விவசாயம், துப்பறிதல், சமையல் என்று வகை பார்க்காமல், கம்ப்யூட்டர், ஃபோன், நண்பன் வீட்டு நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் பெட்டி என்று கிடைத்ததிலெல்லாம் இந்த ஒரு கண்ணோடு விளையாடி ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். கிராபிக்ஸைப் பற்றியும் கதையைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கே சேவ் ஆகும், பாதியில் எழுந்து போனால் என்ன ஆகும் என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை. வேலை முடிந்து வந்து விளையாடுகிற ஆளுக்கு முதலில் தெரியவேண்டியதே அதுதான்.

பழசிலிருந்தே ஆரம்பித்தேன். ஓடிக்கொண்டே சுடுகிற கான்ட்ரா 1987-இல் வந்தது. நம்மில் பெரும்பாலோர் டிவியில் மாட்டுகிற மலிவுப் பெட்டியில், மஞ்சள் கேசட் போட்டுத்தான் அதைப் பார்த்திருப்போம். சேவ் என்ற பேச்சே இல்லை. மூன்று லைஃப், அது தீர்ந்து கன்டினியூவும் தீர்ந்தால் திரும்ப முதல் காட்டிலிருந்து ஓட வேண்டும். இப்போது உட்கார்ந்து விளையாடும்போது ஒன்று புரிந்தது: மொத்தமே எட்டு ஸ்டேஜ்தான், கை பழகிவிட்டால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சேவ் இல்லாததால்தான் அதை ஒரே உட்காரலில் முடிக்கிற அளவுக்கு வைத்திருக்கிறார்கள், நீளம் குறைவு என்பதை மறைக்கத்தான் அவ்வளவு கடினம். மேலே மேலே கீழே கீழே இடது வலது இடது வலது பி ஏ என்று பட்டன்களை அழுத்துகிற அந்தப் புகழ்பெற்ற ரகசியக் குறியீடு இதற்காகப் பிறந்ததல்ல. கிரேடியஸ் என்ற விண்கல விளையாட்டை 1986-இல் வீட்டுப் பெட்டிக்கு மாற்றிய கசுஹிசா ஹஷிமோட்டோ, சோதித்துப் பார்க்கும்போது அது தனக்கே முடியாத அளவு கடினமாக இருந்ததால் போட்டு வைத்தது. கான்ட்ராவில் அது 30 லைஃப் தரும்.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா வேறு மாதிரி. 1989, ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக ஜோர்டன் மெக்னர் செய்தது. தன் தம்பியை வெள்ளை உடையில் ஓடவிட்டு, குதிக்கவிட்டு வீடியோ எடுத்து, அதைப் படம் படமாகப் பார்த்து வரைந்திருக்கிறார். அந்த இளவரசன் ஓடிவந்து விளிம்பில் தடுமாறி நிற்கிற நிற்பு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. இதில் கேமை முடிக்க மொத்தம் 60 நிமிடம்தான் அவகாசம். டாஸ் என்ற பழைய கம்ப்யூட்டர் பதிப்பில் மூன்றாவது லெவலிலிருந்து கன்ட்ரோலும் ஜி-யும் அழுத்தி சேவ் பண்ணலாம், ஆனால் மீதி நேரமும் சேர்ந்தே சேவ் ஆகும். வீணாக்கிய நிமிடம் வீணாக்கியதுதான், திரும்ப வராது. சேவையே கதையின் நெருக்கடியோடு கட்டிவிட்ட இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இதே வழியில் இன்னும் ஒரு படி போனது 1996-இல் வந்த ரெசிடென்ட் ஈவில். டைப்ரைட்டர் இருக்கிற அறையில்தான் சேவ், அதற்கும் கையில் இங்க் ரிப்பன் வேண்டும், ரிப்பன் எண்ணித்தான் கிடைக்கும். பயமுறுத்துவது வெளியே திரிகிற பிணங்களா, கையிலிருக்கும் கடைசி ரிப்பனா என்றால் எனக்கு ரிப்பன்தான். ஜிடிஏ வைஸ் சிட்டியில் வீட்டுக்குப் போய் கேசட் படத்தின் மேல் நின்றால் சேவ். ஊரெல்லாம் சுற்றிவிட்டு வீட்டுக்கு வண்டி ஓட்டி வரும் அந்த நேரம் சும்மா போகிற நேரம்தான், இதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

நோட்டில் அதிகப் பக்கம் பிடித்தது ஸ்டார்டியூ வேலி. 2016-இல் எரிக் பரோன் ஒற்றை ஆளாக உட்கார்ந்து புரோகிராம், படம், இசை எல்லாம் செய்து வெளியிட்டது. தாத்தா விட்டுப்போன பண்ணையை எடுத்து நடத்த வேண்டும். காலை ஆறு மணிக்கு எழுந்தால் இரவு இரண்டு மணிவரை, நம் கணக்கில் ஏறக்குறைய 14 நிமிடம், அதுதான் ஒரு நாள். கம்ப்யூட்டரில் படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும், நடுவில் கரண்ட் போனால் அந்த ஒரு நாள் மட்டும் போகும். இந்த அளவு மிகச் சரியான அளவு என்பது என் தீர்மானமான கருத்து. இழப்பு உண்டு, ஆனால் மனது விட்டுப்போகிற இழப்பு இல்லை. ஃபோன் பதிப்பில் ஆப்பை விட்டு வெளியே வந்தாலும் நின்ற இடம் பத்திரமாக இருக்கும்படி வைத்திருக்கிறார்கள். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் வீட்டுக்கு வரும்போது பேட்டையில் காலையானால் சேரன்மகாதேவி நெருங்கும்போது ராத்திரி ஆகிவிடும், படுத்து சேவ் பண்ணிவிட்டு இறங்குகிற கூட்டத்துக்கு வழிவிட்டு உட்காரலாம்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிசான நெல் நடுகிற என் சித்தப்பா ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேமில் மழை பெய்துகொண்டிருந்தது. "ஏல, மழ பெய்யுதுல்லா, பொறவு வாளியத் தூக்கிட்டு எங்க போற?" என்றார். "தண்ணி ஊத்த வேண்டாம் சித்தப்பா, மழையிலேயே நனஞ்சிரும், கோழிக்குத் தீனி வைக்கப் போறேன்" என்றேன். அப்புறம் அவர் எழுந்திருக்கவே இல்லை. ஒரு பருவத்துக்கு 28 நாள், பருவம் மாறிய அன்றே அந்தப் பருவத்துப் பயிர் பட்டுப்போகும், காலிஃபிளவருக்கு 12 நாள் வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு, விரலை மடக்கி எண்ணி, "அப்பம் 16-ந் தேதிக்குப் பொறவு காலிஃபிளவர் வச்சிராத, விதக்காசு போயிரும்" என்று சொன்னார். சரியான கணக்கு. வருஷக்கணக்கில் விளையாடுகிறவர்கள் பட்டியல் போட்டுப் படிப்பதை அவர் ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் போட்டுவிட்டார்.

துப்பறியும் வகையில் ரிட்டர்ன் ஆஃப் தி ஒப்ரா டின், லூகாஸ் போப் செய்தது, 2018. ஆளில்லாமல் துறைமுகத்துக்கு மிதந்து வந்த ஒரு கப்பல். 1807-ஆம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இன்சூரன்ஸ் கணக்குப் பார்க்க நாம் ஏறுகிறோம். கப்பலில் இருந்த 60 பேரும் யார், என்ன ஆனார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். படம் முழுக்க இரண்டே நிறம், கறுப்பும் வெளுப்பும் புள்ளி புள்ளியாக, பழைய கம்ப்யூட்டர் திரை மாதிரி. மாலுமிகளில் இந்தியர்களும் உண்டு. இதில் கேம் தானாக சேவ் செய்துகொள்கிறது, ஆனால் நம் மூளையில் ஓடிக்கொண்டிருப்பதை எந்த மெஷினும் சேவ் பண்ணாது. யார் எந்தத் தொங்குபடுக்கையில் படுத்திருந்தார், படுக்கை எண் என்ன, யார் பக்கத்தில் யார் நின்று பேசினார் என்பதையெல்லாம் நாம்தான் பிடித்து வைத்திருக்க வேண்டும். மூன்று பேருடைய முடிவு சரியாக இருந்தால்தான் கேம் சரி என்று ஒப்புக்கொள்ளும், அதனால் குருட்டாம்போக்கில் போட்டுப் பார்க்க வழி குறைவு. இரண்டு வாரம் இடைவெளி விட்டுத் திறந்தால் முக்கால்வாசி மறந்திருக்கும். இதை விளையாடுகிறவர்கள் விட்டுவிட்டு விளையாடாதீர்கள், முடிந்தால் லீவு நாளில் தொடர்ந்து உட்காருங்கள். என் நோட்டில் இதற்கு மட்டும் தனியாகக் கப்பல் படம் வரைந்து ஆட்களைக் குறித்திருக்கிறேன், இன்னும் பாதிப் பேர் பாக்கி.

வண்ணாரப்பேட்டை நண்பன் வீட்டு ஸ்விட்ச்சில் வெண்பா. 2023-இல் டொரன்டோவிலுள்ள விசை கேம்ஸ் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் நோட்டு கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கிறது, அழிந்த வரியில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்து சமைப்பதுதான் புதிர். முதலில் இட்லி. தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்று நண்பன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் ஆச்சி, "குழிக்கு நேரா குழி வராம மாத்தி அடுக்குப்பா" என்று அடுப்படி வாசலிலிருந்தே சொல்லிவிட்டார். ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற கேம், அத்தியாயம் அத்தியாயமாக இருப்பதால் எங்கு வேண்டுமானாலும் எழுந்து போகலாம். நாங்கள் எழுந்து போகவில்லை. மகன் பள்ளிக்கூடத்துக்கு இந்தச் சாப்பாடு வேண்டாம் என்கிற இடத்தில் ஆச்சியும் ஒன்றும் பேசவில்லை. 2024-இல் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருது விழாவில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது, வாங்கவேண்டிய கேம்தான்.

தாவி ஏறுகிற வகையில் செலஸ்ட், 2018. மலையேறும் பெண் கீழே விழுந்தால் அடுத்த நொடியே அதே திரையின் ஆரம்பத்தில் நிற்பாள், தண்டனையே இல்லை. அதனால்தான் அவ்வளவு கடினமான இடத்தையும் பொறுமையாகத் திரும்பத் திரும்பத் தாவ முடிகிறது. இதற்கு நேர் எதிர் 2017-இல் ஆஸ்திரேலியாவில் மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்த ஹாலோ நைட். பூச்சிகளின் பாழடைந்த ராஜ்ஜியம், அங்கங்கே ஒரு பெஞ்ச், பெஞ்சில் உட்கார்ந்தால்தான் திரும்ப எழுகிற இடம் அதுவாகும். செத்தால் சேர்த்த காசெல்லாம் செத்த இடத்தில் நம் நிழலோடு நிற்கும், போய் அதை அடித்து வாங்க வேண்டும், வழியில் இன்னொரு முறை செத்தால் முன்னது போனது போனதுதான். அறிமுகமில்லாத குகையில் ரொம்ப நேரம் அலைந்து, மூலையில் ஒரு பெஞ்ச் கண்ணில் படுகிறபோது வருகிற நிம்மதியை வேறு எந்த கேமிலும் நான் அனுபவித்ததில்லை.

இப்போதைக்கு ஹாலோ நைட்டில் மழை ஓயாமல் பெய்கிற கண்ணீர் நகரம் வரை வந்திருக்கிறேன், ஒப்ரா டின் பாதியில் நிற்கிறது. அடுத்து ஹேடஸ் ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு அறை முடிந்ததும் இடம் பதிந்துகொள்ளும் என்கிறார்கள், அதை மழை நாளிலேயே கரண்ட் போகவிட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.