சிரித்தவர்களைக் கூப்பிட்ட சேர்

கணக்கு சேர் காலமான செய்தி நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது இங்கே நள்ளிரவு. பலரும் அவருடைய அட்சரகணிதத்தையும் குண்டுகுண்டான கையெழுத்தையும் நினைவுகூர்ந்தார்கள். எனக்குச் சொல்ல இருந்தது குழுவில் இரண்டு வரியில் அடங்காது. அதனால் நம் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதுகிறேன்.

எனக்குத் திக்குவாய் என்பது உங்களுக்குத் தெரியும். காலைக் கூட்டத்தில் நற்சிந்தனை வாசிக்கும் முறை வந்த அன்று, 'க'வில் தொடங்கும் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். பின்வரிசையில் ஒருவன் என் திக்கலுக்குத் தாளம் போட்டான். மண்டபமே சிரித்தது. அன்று முதல் என் பெயர் 'கீறல்'. கீறல் விழுந்த இசைத்தட்டாம். வகுப்பில் நான் எழுந்தாலே மேசைகளில் விரல்கள் தட்டத் தொடங்கும். விடை தெரிந்தும் 'தெரியாது' என்று சொல்லப் பழகினேன். அந்தச் சொல் எனக்குத் திக்காது.

ஓர் ஆசிரியர் தாளம் போட்டவனைப் பிரம்பால் அடித்து, எல்லோர் முன்னிலையிலும் என்னிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார். நல்ல மனதோடுதான் செய்தார். பள்ளி விட்டதும் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் அந்த அடியெல்லாம் எனக்கு விழுந்தது.

கணக்கு சேர் அவனை அடிக்கவில்லை. எனக்கு ஆறுதலும் சொல்லவில்லை. சிரித்தவர்களை இடைவேளையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என்ன கேட்டார் என்பதை அவர்களில் ஒருவன் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குச் சொன்னான். "நீ சிரிக்காட்டி அவன் ஆருக்காகத் தட்டுவான்?" அவ்வளவுதானாம். பிறகு, சிரிப்பில் சேராத இருவரை என் இருபக்கமும் இருத்தினார். "இடைவேளைக்கு இவனையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார். தட்டல் உடனே நின்றுவிடவில்லை. ஆனால் கூடச் சிரிக்க ஆளில்லாமல் போகப் போக, தட்டியவனுக்கும் அலுத்துவிட்டது.

இன்று நான் ஒரு பள்ளியில் மாணவர் ஆலோசகர். நோர்வேயின் உளவியலாளர் டான் ஒல்வேயஸ், பிள்ளைகளுக்கிடையிலான துன்புறுத்தலுக்கு மூன்று அடையாளங்கள் வகுத்தார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவனிடம் செய்வது. இந்த மூன்றாவதை மறந்துதான் பெற்றோர் பலர் "நீயும் திருப்பிக் குடு" என்று பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள். பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லியும் சக ஆய்வாளர்களும் 1996இல் வேடிக்கை பார்ப்பவர்கள் பக்கம் கவனத்தைத் திருப்பினார்கள்: கூடச் சேர்பவர், சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கி நிற்பவர், காப்பாற்ற வருபவர். அங்கே 2009இல் நாடளாவ விரிந்த 'கிவா' என்ற துன்புறுத்தல் தடுப்புத் திட்டத்தில், பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் துணை நிற்கும்படி வகுப்புத் தோழர் சிலரை ஆசிரியரே கேட்டுக்கொள்வார். அதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது. எந்தப் பயிற்சியும் இல்லாமல் சேர் செய்தது அதைத்தான்.

கனடாவில் விளையாட்டு மைதானங்களைக் கவனித்து 2001இல் வெளியான ஆய்வொன்றில், சக பிள்ளை ஒருவர் குறுக்கிட்ட சந்தர்ப்பங்களில் பாதிக்கும் மேலானவற்றில் துன்புறுத்தல் 10 விநாடிக்குள் நின்றிருக்கிறது. தலையிட யாரும் இல்லாவிட்டால் காயம் நெடுங்காலம் கூடவே வரும். பிரித்தானியாவில் 1958இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, 7, 11 வயதுகளில் துன்புறுத்தப்பட்டவர்களிடம் அதன் பாதிப்பு 50 வயதிலும் தெரிந்தது. என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் அவசரப்படுவது இதனால்தான். "சின்னப் பிள்ளையள் விளையாட்டு" என்று எவராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சேர் நினைவாக விளையாட்டுப் போட்டிக்கு வெற்றிக் கேடயம் கொடுக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. என் வேண்டுகோள் வேறு. அந்தப் பணத்தில் நம் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் இந்த விடயத்தில் பயிற்சி கொடுப்போம். பயிற்சி நடத்த நான் விடுமுறையில் வருகிறேன். விடுமுறையில் வருகிறேன் என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது. சேர் பக்கத்தில் இருத்திய இருவரும் நானும் வேறு வேறு நாடுகளுக்குப் போய்விட்டோம். அவரிடம் அதிகம் பெற்ற எங்கள் மூவரில் ஒருவராவது ஆசிரியராகி அந்த வகுப்பறைக்குத் திரும்பியிருக்கலாம்.