நேற்று என்ன சாப்பிட்டீங்க?

போசாக்கு ஆய்வுக்காகக் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு கர்ப்பிணித் தாயிடம் இதைக் கேட்டால் "சோறு கறிதான் மிஸ், வேறென்ன" என்று பதில் வரும். அதை அப்படியே படிவத்தில் எழுதிக்கொண்டு எழும்பினால் ஆய்வு அந்த வாசலிலேயே கெட்டுப்போகும்.

24 மணி நேர உணவு விபரம், அதாவது முந்தின நாள் முழுக்கச் சாப்பிட்டது குடித்தது எல்லாம், எடுக்கும்போது சாப்பாட்டு வேளையை வைத்துத் தொடங்காதீர்கள். "காலம்பற எழும்பினதும் முதல்ல என்ன குடிச்சீங்க அக்கா?" என்று தொடங்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது, சந்தைக்குப் போனது, பின்னேரத் தேத்தண்ணி என்று அவருடைய நாளோடு சேர்ந்து நடக்க வேண்டும். முதல் சுற்றில் குறுக்கே பேசாமல் பட்டியலை மட்டும் எடுங்கள். இரண்டாம் சுற்றில் மறந்தவற்றைக் கேளுங்கள்: பிஸ்கட், வடை, பிள்ளை மிச்சம் வைத்த பாண் துண்டு. அளவு அதற்குப் பிறகுதான். அந்த வீட்டுக் கோப்பையிலும் அகப்பையிலும் தண்ணீர் நிரப்பி அளவுச்சாடியில் ஊற்றிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. பருப்புக்கறி ஓர் அகப்பை என்றால், சட்டியில் எவ்வளவு பருப்பு போட்டார், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்றும் கேட்க வேண்டும். தண்ணிப் பருப்புக்கும் கெட்டிப் பருப்புக்கும் புரதத்தில் பெரிய வித்தியாசம்.

பெண்களுக்கான குறைந்தபட்ச உணவுப் பன்முகக் குறியீட்டில் 10 உணவுக் கூட்டங்கள் உண்டு. 15 முதல் 49 வயது வரையான பெண் ஒருவர் முந்தின நாள் அவற்றில் 5ஐயாவது சாப்பிட்டிருக்க வேண்டும். சோறு, பாண், இடியப்பம், உருளைக்கிழங்கு, மரவள்ளி எல்லாம் ஒரே கூட்டம். தட்டு நிறைந்திருந்தாலும் எண்ணிக்கை ஒன்றுதான். 15 கிராமுக்குக் குறைந்தது கணக்கில் வராது. தேங்காய்ச் சம்பலில் இடித்துப் போட்ட மாசிக் கருவாடு இங்கேதான் ஆளை ஏமாற்றும். "மாசி போட்டேன்" என்றதும் மீன் கட்டத்தில் சரி போட்டுவிடுகிறார்கள். அவர் தட்டுக்கு வந்தது இரண்டு மூன்று கிராம்கூட இராது. இந்தக் குறியீடு ஒரு சனக்கூட்டத்தின் நிலையைக் காட்டுவது. ஒரு தாயின் எண்ணைப் பார்த்து "உங்களுக்குப் போசாக்குக் காணாது" என்று அவரைப் பயப்படுத்தக் கூடாது.

கிழமையையும் கவனியுங்கள். சைவ வீடுகளில் வெள்ளி மரக்கறி நாள். எல்லா நேர்காணலையும் சனிக்கிழமை வைத்து வெள்ளியைப் பற்றியே கேட்டால் கொழும்புத் தமிழ்த் தாய்மார் மீனே தொடுவதில்லை என்று அறிக்கை வரும்.

கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கில் தரும் சத்துமாவான திரிபோஷா 750 கிராம் பொதி மாதம் இரண்டு, அதாவது ஒரு நாளைக்கு 50 கிராம் என்பது கணக்கு. தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்தால் வீட்டுப் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "கிடைத்ததா?" என்பதோடு நிறுத்தாமல் "யார் யார் சாப்பிட்டீங்க?" என்றும் கேட்க வேண்டும்.

விரல்நுனி இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கும்போது, கை குளிராக இருந்து துளி வராவிட்டால் விரலைப் பிதுக்குவார்கள். திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். கையைச் சூடாக்கி, ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்தி, முதல் துளிகளைத் துடைத்துவிட்டு, தானாக வரும் துளியை எடுங்கள். முடிந்தால் ஊசியால் நாளத்திலிருந்து எடுக்கும் இரத்தமே நல்லது. கர்ப்பத்தில் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. நடு மூன்று மாதத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 10.5 என்று வைத்திருக்கிறது. எந்த எல்லையைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதாவிட்டால் உங்கள் சதவீதத்தை வேறு ஆய்வோடு ஒப்பிட முடியாது. அளவு குறைந்த எல்லோருக்கும் இரும்புக் குறைபாடு என்றும் முடிவு கட்ட முடியாது. தலசீமியா என்ற இரத்த நோயின் பரம்பரைக்கூறு உள்ளவர்களும் அதற்குள் இருப்பார்கள்.

கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையை "குடிக்கிறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்பார்கள். பொதியைக் கொண்டுவரச் சொல்லி மிச்சத்தை எண்ணுங்கள். வயிற்றுப்புரட்டாலும் மலச்சிக்கலாலும் இடையில் நிறுத்தியவர்கள் அதில் தெரிவார்கள். ஒழுங்காகக் குடித்தும் ஹீமோகுளோபின் ஏறாதவர்களிடம் குடிக்கும் நேரத்தைக் கேளுங்கள். தேத்தண்ணியோடு அல்லது கல்சியக் குளிசையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. தேசிக்காய்த் தண்ணியோடு நன்றாகச் சேரும். தேத்தண்ணிக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். குளிசை எத்தனை மணிக்கு, தேத்தண்ணி எத்தனை மணிக்கு என்று படிவத்தில் இரண்டு கட்டங்கள் கூட்டிப் போடுங்கள்.